தேக்கா வீதியில் ஒரு நூல் உலா



சிங்கப்பூர் போய் வந்தவர்களிடம் "தேக்காவில் என்ன பார்த்தீர்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். நகைக்கடை, சேலைக்கடை, முஸ்தபா, வீரமாகாளியம்மன் கோயில், 1947லிருந்து தோசை வார்க்கும் கோமள விலாஸ் என்று வரிசையாகச் சொல்வார்கள். தீபாவளிச் சமயத்தில் போனவர்கள் விளக்கு அலங்காரத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நிறுத்தவே மாட்டார்கள். ஆனால் தேக்காவுக்கும் அதைச் சுற்றியுள்ள பட்டணத்துக்கும் இன்னொரு பெருமை உண்டு. தமிழ் நூல்கள் ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்பே அச்சேறிய ஊர் அது. இந்த முறை பையைத் தூக்கிக்கொண்டு கடை கடையாக ஏறாமல், அந்தப் பெருமையைத் தேடி ஒரு நடை நடந்து வருவோம், வாருங்கள்.

இதில் உங்களுக்கு என்ன என்று கேட்கிறீர்களா? நம் தோட்டப்புறத்துக் குடும்பங்களில் எழுதுகிறவர்கள் எத்தனையோ பேர். பால் மரம் சீவிவிட்டு வந்து இரவில் கதை எழுதிய அண்ணன்மார்கள், பிள்ளைகளைத் தூங்கவைத்துவிட்டுக் கவிதை எழுதிய அக்காமார்கள், கங்காணி காலத்துச் சங்கதிகளை நோட்டுப் புத்தகத்தில் குறித்து வைத்த தாத்தாக்கள் என்று எல்லா லயத்திலும் ஒருவர் இருந்தார். இன்று பல தோட்டங்கள் துண்டாடப்பட்டு வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. லயம் போயிற்று, பிரட்டுக் களம் போயிற்று. நோட்டுப் புத்தகங்களும் வீடு மாறும்போது பழைய பேப்பரோடு போய்க்கொண்டிருக்கின்றன. எழுதியதைக் காப்பாற்றும் வழியைத் தேக்காவின் பழைய கதையும் புதிய ஏற்பாடுகளும் நமக்குக் காட்டுகின்றன.

பெயரிலேயே ஒரு பாடம்

ஜொகூர் பாலத்தைக் கடந்து பஸ்ஸில் போகிறவர்கள் குவீன் ஸ்திரீட்டில் இறங்கினால், அங்கிருந்து ரோச்சோர் கால்வாயைத் தாண்டித் தேக்காவுக்கு நடந்தே போய்விடலாம். சிராங்கூன் ரோட்டின் தொடக்கத்தில் இருக்கும் பெரிய சந்தைதான் தேக்கா. ஒரு பக்கம் மீனும் ஆட்டிறைச்சியும், இன்னொரு பக்கம் சாப்பாட்டுக் கடைகள், மாடியில் துணிக்கடைகள்.

இந்தச் சந்தைக்கு வாய்த்த பெயர்களைப் பாருங்கள். 1915ல் கட்டப்பட்ட பழைய சந்தையை மலாய்க்காரர்கள் 'கண்டாங் கெர்பாவ்' என்றார்கள். எருமைக் கொட்டில் என்பது பொருள். இந்த வட்டாரத்தில் ஒரு காலத்தில் மாட்டு வியாபாரம் பெரிதாக நடந்தது. பக்கத்துத் தெருக்களுக்கு 'பஃபலோ ரோடு', 'கெர்பாவ் ரோடு' என்று பெயர் வந்ததும் அதனால்தான். ஹொக்கியன் சீனர்கள் 'தெக் கியா கா' என்றார்கள். சிறுமூங்கில்களின் அடிவாரம் என்று அர்த்தம். தமிழர் நாவில் அது தேக்காவாயிற்று. 1982ல் புதுக் கட்டடம் எழுந்தபோது, அதே பெயரைச் சீனப் பொதுமொழி உச்சரிப்பில் 'ஜூஜியாவ்' என்று பலகையில் எழுதினார்கள். மக்களோ தேக்கா என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். கடைசியில் 2000ஆம் ஆண்டில் பலகையே தேக்கா என்று மாறியது!

எழுத நினைக்கிறவர்களுக்கு இது முதல் பாடம். மக்கள் வாயில் நிலைத்த சொல்லுக்குத்தான் ஆயுசு அதிகம். தோட்டத்துக் கதையை எழுதும்போது பிரட்டு, லயம், தண்டல், வேலைக்காடு, மங்கு என்று நாம் புழங்கிய சொற்களை எழுதுங்கள். அகராதியைப் புரட்டி அவற்றுக்கு வேறு சொல் தேடினால், நாளை உங்கள் பேரப்பிள்ளை அந்த வாழ்க்கையை எப்படித் தெரிந்துகொள்வான்?

பந்தயத் திடலும் பாட்டுப் புத்தகமும்

சந்தைக்குப் பின்புறம் 'ரேஸ் கோர்ஸ் ரோடு' என்று ஒரு சாலை நீளுகிறது. இன்று அங்கே மீன்தலைக் கறிச் சாப்பாட்டுக்குத்தான் கூட்டம். குதிரை எங்கே என்று தேடாதீர்கள். 1843 முதல் 1933 வரை பந்தயத் திடல் இந்தப் பக்கத்தில்தான், ஃபேரர் பார்க்கில் இருந்தது. பிறகு புக்கிட் தீமாவுக்குப் போய்விட்டது.

அந்தப் பந்தயத்தைப் பற்றி 1893லேயே ஒரு தமிழ் நூல் அச்சாயிற்று என்றால் வியப்பாக இருக்கிறதல்லவா? ந. வ. ரங்கசாமி தாசன் என்பவர் இயற்றிய 'அதிவிநோத குதிரைப் பந்தய லாவணி' அது. லாவணி என்பது மெட்டுப் போட்டுப் பாடும் பாட்டு வகை. பண்டிதர்கள் கோயிலையும் மன்னரையும் பாடிக்கொண்டிருந்த காலத்தில், இவர் ஊரே திரண்டு போய்ப் பார்க்கும் பந்தயத்தை எடுத்துக்கொண்டார். எழுதப் பொருள் கிடைக்கவில்லை என்று சொல்கிறவர்கள் இவரை நினைத்துக்கொள்ள வேண்டும். தோட்டத்துத் திருவிழா, பந்துப் போட்டி, சம்பள நாள் சந்தை எல்லாமே நூலுக்கு உரிய பொருள்கள்தாம்.

மூன்று பிரதிகளின் கதை

இதைவிடப் பழைய நூல்களும் உண்டு. நாகூரைச் சேர்ந்த முகம்மது அப்துல் காதிர்ப் புலவரின் 'முனாஜாத்துத் திரட்டு' 1872ல் சிங்கப்பூரில் அச்சிடப்பட்டது. இஸ்லாமிய பக்திப் பாடல்களின் தொகுப்பு அது. இந்த வட்டாரத்தில் அச்சான தமிழ் நூல்களில், இன்று நமக்குக் கிடைப்பவற்றில் மிகப் பழையதாக அதைக் குறிப்பிடுகிறார்கள். 1887ல் யாழ்ப்பாணத்து வண்ணார்பண்ணையைச் சேர்ந்த சி. ந. சதாசிவ பண்டிதரின் 'சிங்கை நகர் அந்தாதி' வெளிவந்தது. அதே ஆண்டு ஜூன் 27ஆம் தேதி, விக்டோரியா மகாராணியின் பொன்விழாவை ஒட்டி, 'சிங்கை நேசன்' என்ற வார ஏடு பிறந்தது. ஆசிரியர் சி. கு. மகுதூம் சாயபு. 1888ல் அதில் வந்த அவருடைய 'விநோத சம்பாஷணை'யை இப்பகுதித் தமிழ்ச் சிறுகதைக்கு முன்னோடி என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

அந்த ஏடு மூன்று ஆண்டுகளே நடந்தது. அச்சுக்கூடமும் இல்லை, அதை வாங்கிப் படித்தவர்களும் இல்லை. பிறகு எப்படி அதைப் பற்றி இவ்வளவு சொல்ல முடிகிறது? லண்டனில் உள்ள பிரிட்டிஷ் நூலகத்தில் அதன் இதழ்கள் பத்திரமாக இருந்தன. 1886ல் நீரிணைக் குடியேற்றங்களில் ஒரு சட்டம் வந்தது. இங்கே அச்சாகும் ஒவ்வொரு நூலிலும் மூன்று பிரதிகளை அரசாங்கத்திடம் கொடுக்க வேண்டும் என்றது அது. அவற்றில் ஒன்று லண்டனுக்குப் போனது. வெள்ளைக்காரன் நம்மைக் கண்காணிக்கப் போட்ட சட்டம்தான். ஆனால் நம்மவர் எழுத்தில் பல அதனால்தான் கரையான் வாய்க்குத் தப்பின.

அன்பர்களே, இதை மனத்தில் வையுங்கள். உறவினருக்குக் கொடுத்த நூறு பிரதிகளைவிட, நூலகத்துக்குக் கொடுத்த சில பிரதிகள் நீண்ட காலம் வாழும்.

ஏடுதான் முதல் பள்ளி

நூல் போடுவதற்கு முன்னால் எழுத்து பழக வேண்டும். அந்தப் பழக்கத்தை நம் நாட்டிலும் சிங்கையிலும் கொடுத்தவை பத்திரிகைகளே. 1935 ஜூலை 6ஆம் தேதி தமிழர் சீர்திருத்தச் சங்கத்தின் ஏடாகத் தோன்றிய 'தமிழ் முரசு', கோ. சாரங்கபாணியின் கையில் பெரிய நாளேடாக வளர்ந்தது. 1950களில் அவர் 'மாணவர் மணிமன்றம்' என்ற பகுதியைத் தொடங்கினார். பள்ளிப் பிள்ளைகள் எழுதி அனுப்பியதை மதித்து அச்சிட்டார். பின்னாளில் பெயர் பெற்ற எழுத்தாளர்கள் பலர் அந்தப் பகுதியில் கையெழுத்துப் போட்டுப் பழகியவர்கள்.

கோலாலம்பூரில் 'தமிழ் நேசன்' 1950ல் இன்னொரு புதுமை செய்தது. சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் அதில் 'கதை வகுப்பு' நடத்தினார்கள். கதை எழுதுவது எப்படி என்று பத்திரிகையிலேயே பாடம்! பள்ளிக்கூடம் அதிகம் பார்க்காதவர்களும் தபாலில் கதை அனுப்பிப் பாடம் கற்க வழி பிறந்தது. பிறகு 1952ல் தமிழ்நாட்டிலிருந்து வந்த கு. அழகிரிசாமி, நேசனில் இருந்த சில ஆண்டுகளில் இளம் எழுத்தாளர்களைக் கூட்டி 'இலக்கிய வட்டம்' நடத்தினார்.

சிங்கையில் பி. கிருஷ்ணன் என்று ஒருவர். புதுமைப்பித்தனிடம் கொண்ட பற்றால் 'புதுமைதாசன்' என்று புனைபெயர் சூட்டிக்கொண்டார். வானொலியில் அவர் எழுதிய 'அடுக்கு வீட்டு அண்ணாசாமி' நாடகம் வீட்டுக்கு வீடு ஒலித்தது. 2008ல் சிங்கப்பூரின் உயர்ந்த கலைவிருதான கலாசாரப் பதக்கம் அவருக்குக் கிடைத்தது.

சாரங்கபாணியைப் பற்றி நம் தோட்ட மக்கள் அறிய வேண்டிய செய்தி இன்னொன்று உண்டு. மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய இயல் துறை அமைக்கும் பேச்சு வந்தபோது, அங்கே தமிழுக்கே முதலிடம் வேண்டும் என்று அவர் போராடினார். நூலகத்துக்குத் தமிழ் நூல்கள் வாங்க 'தமிழ் எங்கள் உயிர்' என்று நிதி திரட்டினார். பட்டணத்து வியாபாரிகளோடு தோட்டத் தொழிலாளிகளும் தங்கள் கூலியிலிருந்து கொடுத்தார்கள். அந்தத் துறை 1956ல் தொடங்கியது. ஒரு நூலைக்கூடப் படிக்கத் தெரியாதவர்களும் நூல் வாங்கக் காசு கொடுத்த சமுதாயம் நம்முடையது. நாம் எழுதி அச்சிட்டதை நாமே தொலைப்பது எவ்வளவு பெரிய குறை!

ஏடுகளும் நிலையல்ல. 1924ல் தோன்றிய தமிழ் நேசன் 2019ல் நின்றுவிட்டது. அதில் உங்கள் கதையோ உங்கள் தகப்பனார் கதையோ வந்திருந்தால், வெட்டி வைத்த துண்டை இன்றே படம் எடுத்து வையுங்கள். தேதியையும் அருகில் எழுதுங்கள்.

நூலாக்கும் வழி

சரி, கையில் கதைகள் சேர்ந்துவிட்டன. இனி என்ன செய்வது? சுருக்கமாகச் சொல்கிறேன்.

முதலாவது, பொறுக்கி எடுப்பது. எழுதியதையெல்லாம் நூலில் போடாதீர்கள். முப்பது கதை இருந்தால் பன்னிரண்டு போதும். வீட்டார் எல்லாவற்றையும் நன்றாக இருக்கிறது என்பார்கள். ஆகவே வெளியார் ஒருவரிடம் படிக்கக் கொடுங்கள். 1976ல் உருவான சிங்கப்பூர்த் தமிழ் எழுத்தாளர் கழகம் 'கதைக்களம்' என்ற மாதாந்தரக் கூட்டத்தைப் பல்லாண்டுகளாக நடத்தி வந்திருக்கிறது. எழுதியதை எல்லார் முன்னிலையிலும் வைத்து, குறை நிறை கேட்டுத் திருத்திக்கொள்ளும் ஏற்பாடு அது. உங்கள் ஊரில் அப்படி ஒன்று இல்லாவிட்டால், கோயில் மண்டபத்திலோ பள்ளி வகுப்பறையிலோ ஐந்து பேர் கூடினாலும் கதைக்களம்தான்.

இரண்டாவது, தட்டச்சு. யூனிகோடு எழுத்தில் அடியுங்கள். எந்தக் கணினியிலும் கைப்பேசியிலும் திறக்கும். இதை இன்று எளிதாகச் சொல்கிறோம். ஆனால் கணினியில் தமிழ் வருமா என்று கேட்ட காலத்தில், சிங்கை எழுத்தாளர் நா. கோவிந்தசாமி போன்றவர்கள் பாடுபட்டார்கள். 1995 அக்டோபரில் சிங்கப்பூர்க் கவிதைகள் நான்கு மொழிகளில் இணையத்தில் ஏறியபோது, தமிழும் ஏறியது அவர் முயற்சியால். நம் மலேசியாவின் முத்து நெடுமாறன் உருவாக்கிய 'முரசு' செயலியும் இந்தத் துறையில் முன்னோடி.

மூன்றாவது, மெய்ப்புத் திருத்தம். எழுதியவர் கண்ணுக்குப் பிழை தெரியாது. வேறொருவர் திருத்த வேண்டும். அதன்பின் நீங்கள் வாய்விட்டுப் படிக்க வேண்டும். நாக்கு தடுக்கும் இடத்தில் வாக்கியம் சரியில்லை என்று பொருள்.

நான்காவது, பக்கக் கணக்கு. அச்சகத்தில் 16 பக்கம் ஒரு பாரம். 96 பக்கம் என்றால் ஆறு பாரம், 112 என்றால் ஏழு. 98 பக்கத்தில் முடிந்தால் வெற்றுப் பக்கங்களுக்கும் நீங்கள் காசு கொடுக்க வேண்டிவரும். அதனால் முதலிலேயே கணக்குப் பார்த்து அமையுங்கள். நான்கு அணிந்துரை வாங்கிப் பக்கத்தை நிரப்பவும் வேண்டாம். ஒன்று போதும்.

ஐந்தாவது, ஒப்பந்தம். பதிப்பாளர் வேறு, அச்சகத்தார் வேறு. பதிப்பாளர் தம் செலவில் நூல் போட்டு, உங்களுக்கு விலையில் ஒரு பங்கு தருவார். பத்து விழுக்காடு என்பது பொதுவான வழக்கம். பணம் உங்களுடையது என்றால், அவர் உங்களுக்கு வேலை செய்கிறார். நூல்கள் அத்தனையும் உங்களுடையவை. எத்தனை பிரதி, என்ன தாள், எந்தத் தேதி என்று எழுதி வாங்குங்கள். அச்சுக்குப் போன கோப்பையும் கேட்டு வாங்கி வையுங்கள். உரிமை எழுதியவருக்குத் தானாகவே உண்டு. மலேசியச் சட்டப்படி அது ஆசிரியர் காலத்துக்குப் பின்னும் 50 ஆண்டு நீடிக்கும், சிங்கப்பூரில் 70 ஆண்டு. அதுபோலவே பிறர் உரிமையும் காக்கப்பட வேண்டும். சினிமாப் பாட்டு வரிகளையும் இணையத்தில் கண்ட படங்களையும் கேட்காமல் எடுத்துப் போடாதீர்கள்.

ஆறாவது, எண்ணும் ஒப்படைப்பும். நூலின் பின்னட்டையில் 978 என்று தொடங்கும் 13 இலக்க எண்ணைப் பார்த்திருப்பீர்கள். அடுத்து வருவது அந்த நூல் எந்த நாட்டில் பிறந்தது என்பதைக் காட்டும். 981 அல்லது 9971 என்றால் சிங்கப்பூர். 967 அல்லது 983 என்றால் மலேசியா. 81 அல்லது 93 என்றால் இந்தியா. உங்கள் வீட்டு அலமாரியில் உள்ள நூல்களை எடுத்துப் பிள்ளைகளிடம் கொடுத்துச் சோதிக்கச் சொல்லுங்கள், நல்ல விளையாட்டு! மலேசியாவில் இந்த எண்ணைத் தருவது கோலாலம்பூரில் உள்ள தேசிய நூலகம். அச்சு நூல் வெளிவந்த ஒரு மாதத்துக்குள் ஐந்து பிரதிகளை அங்கே ஒப்படைக்க வேண்டும் என்று 1986ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. சிங்கப்பூரில் நான்கு வாரத்துக்குள் இரண்டு பிரதிகள். இதைத் தண்டம் என்று நினைக்காதீர்கள். மகுதூம் சாயபுவைக் காப்பாற்றிய ஏற்பாடு இதுதானே!

ஏழாவது, வெளியீட்டு விழா. பிரமுகர் வந்து முதல் பிரதி பெற்று, உறையில் பணம் வைத்துக் கொடுப்பது நம்மவர் வழக்கம். சிங்கையில் ஏப்ரல் மாதத் தமிழ்மொழி விழாச் சமயத்தில் இப்படிப் பல நூல்கள் வெளியாகின்றன. விழா நல்லதுதான். ஆனால் விழாவோடு நூலின் கதை முடிந்து, மிச்சம் கட்டிலுக்கு அடியில் அடுக்கப்படுவதையும் பார்க்கிறோம். அதனால் ஆயிரம் அடிக்காதீர்கள். இருநூறு, முந்நூறு அடியுங்கள். தேவைப்பட்டால் மறுபடி அச்சிடலாம். தமிழ்ப்பள்ளிகளுக்குச் சில பிரதிகளை ஒதுக்குங்கள்.

பணத்துக்கு என்ன செய்வது என்பவர்களுக்கு ஒரு பழைய உபாயம். சிங்கை நேசன் பிறந்த அதே 1887ல், உ. வே. சாமிநாதையர் சீவக சிந்தாமணியை அச்சிட்டார். கல்லூரி ஆசிரியரான அவரிடம் பெரும் பணம் ஏது? நூல் வந்தால் வாங்கிக்கொள்வோம் என்று பலரிடம் முன்கூட்டியே கையொப்பம் வாங்கினார். நீங்களும் ஐம்பது பேரிடம் அப்படிக் கேட்டுப் பார்க்கலாம்.

பொறுமைக்கு இருவர்

ஒருவர் மகாகவி பாரதி. தம் எழுத்துகளை 40 நூல்களாக, ஒவ்வொன்றிலும் 10,000 பிரதி போட வேண்டும் என்று 1920ல் திட்டம் தீட்டி, உதவி கேட்டு அன்பர்களுக்கு எழுதினார். பணம் சேரவில்லை. மறு ஆண்டு காலமானார். அதே பாடல்களின் உரிமையை 1949ல் அரசாங்கம் வாங்கிப் பிறகு மக்களுக்கே பொதுவாக்கியது.

இன்னொருவர் ப. சிங்காரம். மேடானிலும் பினாங்கிலும் வேலை பார்த்துவிட்டு மதுரைக்குத் திரும்பியவர். யுத்த காலத்து மலாயாவையும் சுமத்ராவையும் வைத்து 'புயலிலே ஒரு தோணி' எழுதினார். அது நூலாவதற்குப் பத்து ஆண்டுகள் காத்திருக்க நேர்ந்தது. 1972ல்தான் வெளிவந்தது. இன்று தமிழின் சிறந்த நாவல்களில் ஒன்றாக அதைச் சொல்கிறார்கள்.

நம் நாட்டிலும் முன்மாதிரி உண்டு. ஆசிரியையாக இருந்த க. முத்தம்மாள் பழனிசாமி, கொங்கு நாட்டிலிருந்து தோட்டத்துக்கு வந்த தம் குடும்பத்தின் கதையை 'நாடு விட்டு நாடு' என்று எழுதினார். தாய்மார்களே, உங்கள் வீட்டுக் கதையை நீங்கள்தான் எழுத முடியும்.

விக்டோரியா வீதியில்

உலாவை முடிக்கும்முன் இரண்டு இடங்கள் பாக்கி. தேக்காவில் கேம்பல் சந்தில் 2015ல் திறந்த இந்திய மரபுடைமை நிலையம் இருக்கிறது. அதைப் பார்த்துவிட்டு விக்டோரியா வீதிக்கு நடந்தால், 2005ல் திறந்த தேசிய நூலகக் கட்டடம் வரும். சிங்கப்பூரில் வெளிவந்த தமிழ் நூல்கள் அங்கே வரிசையாக நிற்கின்றன. 1965 முதல் 2015 வரை அங்கு வெளியான தமிழ்ப் படைப்புகளை, தமிழ்ச் சமூகத்தாரும் நூலகமும் சேர்ந்து மின்வடிவமாக்கி 2015ல் வெளியிட்டார்கள். முதலில் ஒவ்வோர் எழுத்தாளரிடமும் குடும்பத்தாரிடமும் அனுமதி பெற வேண்டியிருந்தது. நூல்களைத் தேடி எடுத்து, படியெடுத்து, பிழை பார்த்து ஏற்றுவது அதற்கு மேல் வந்த வேலை. பெரும்பாலும் தொண்டூழியர்கள் செய்தார்கள்.

இதையே நம் தோட்டங்களுக்கும் செய்ய முடியாதா? ஒரு தோட்டத்திலிருந்து பிரிந்து போனவர்கள் ஆண்டுக்கொரு முறை கூடுகிறார்களே, அந்த ஒன்றுகூடலில் சாப்பாட்டுக்கும் மேடைக்கும் செலவழிப்பதில் ஒரு சிறு பகுதி போதும். இருப்பவர்கள் எழுதியதையும் இறந்தவர்கள் எழுதி வைத்ததையும் தொகுத்து, ஆறு பாரத்தில் ஒரு நூல் போட்டுவிடலாம். தோட்டத்தின் பெயரையே நூலுக்கு வையுங்கள். ஐந்து பிரதிகளைத் தேசிய நூலகத்தில் கொடுத்துவிட்டு ரசீது வாங்கி வையுங்கள். தோட்டம் வரைபடத்திலிருந்து மறைந்தாலும் பட்டியலில் அதன் பெயர் இருக்கும். நூறு ஆண்டு கழித்துத் தேடி வருகிற பிள்ளைக்கு அது கிடைக்கும்.